'டிசேபிள்ட்' என்ற சொல்லைத் தமிழில் எழுதும் முன்

கைப்பேசியில் ஒரு செயலியை நிறுத்தி வைக்கப் போனால் ஆங்கிலத்தில் 'டிசேபிள்' என்று ஒரு பொத்தான் இருக்கும். மொழியைத் தமிழுக்கு மாற்றினால் அதே இடத்தில் 'முடக்கு' என்று வரும். நல்ல மொழிபெயர்ப்பு. செயலி தானாக முடங்கவில்லை, நாம்தான் முடக்குகிறோம் என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

அதே சொல் ஒரு மனிதரைப் பற்றி வந்தால் என்ன செய்கிறோம்? 'டிசேபிள்ட் பெர்சன்' என்று பார்த்ததும் யோசிக்காமல் 'ஊனமுற்றவர்' என்றோ 'மாற்றுத்திறனாளி' என்றோ எழுதிவிடுகிறோம். முடக்கியது யார் என்ற கேள்வி அங்கேயே காணாமல் போகிறது. ஆங்கிலத்தில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக நடக்கும் விவாதம் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

தொண்டு நிறுவனத்தின் துண்டறிக்கை, செய்தி, படத்துக்கான வசன வரிகள், பள்ளி விண்ணப்பம், அரசுச் சுற்றறிக்கை என்று எதையோ தமிழாக்க முதல்முறையாக உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில மூலத்தில் இந்தச் சொல் வரும் ஒவ்வோர் இடத்தையும் வட்டமிட்டுவிட்டு, அப்புறம் மேலே படியுங்கள்.

முதல் வேலை: எது உடலில் இருக்கிறது, எது வாசலில் இருக்கிறது?

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி முகாமுக்கான கையேட்டை மொழிபெயர்த்தேன். தடைகள்தாம் மனிதர்களை 'டிசேபிள்' செய்கின்றன என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. நான் 'தடைகளால் ஊனமுற்ற மக்கள்' என்று எழுதியிருந்தேன். வரைவைப் படித்துப் பார்க்கச் சம்மதித்தவர் ஓர் அண்ணன். வங்கியில் வேலை பார்ப்பவர்; சிறுவயதில் போலியோ வந்தவர், சக்கர நாற்காலி பயன்படுத்துபவர். அந்த வரிக்கு அடியில் அழுத்தமாகக் கோடு போட்டு வைத்திருந்தார்.

"தம்பி, எனக்கு ஊனம் குடுத்தது போலியோ. தடை எனக்கு ஊனம் குடுக்கல, என்னை முடக்குது. ரெண்டையும் ஒரே சொல்லுல போட்டா யாரைப் போய்க் கேள்வி கேக்குறது?"

அதே வாரம் அவருடன் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வாசலில் இரண்டே படிகள். முழங்கால் உயரம்கூட இல்லை. நாற்காலி ஏறவில்லை. காவலாளி பக்கத்தில் நடந்த கட்டட வேலையிலிருந்து ஒரு சாரப் பலகையை வாங்கி வந்து சாய்த்தார். பாரம் ஏறியதும் பலகை நடுவில் வளைந்தது. வேண்டாம் என்று அண்ணன் கையைக் காட்டினார். கடைசியில் பதிவேடு வெளியே வந்தது. வெயிலில், மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். உள்ளே போய் அதிகாரியிடம் கேட்க நினைத்திருந்த இரண்டு சந்தேகங்களைக் கேட்காமலே திரும்பினார். அவருடைய கால்கள் காலையில் வீட்டில் எப்படி இருந்தனவோ அப்படித்தான் அங்கேயும் இருந்தன. வீட்டிலும் வங்கியிலும் முடங்காதவர், அந்த வாசலில் முடக்கப்பட்டார்.

தமிழில் இதைப் புரிந்துகொள்வது எளிது. முடங்குவது தன்வினை, முடக்குவது பிறவினை. முடம், முடவன் என்ற பழைய சொற்களும் அந்த வேரைச் சேர்ந்தவையே. ஆங்கிலத்தில் 'டிசேபிள்ட்' என்பதற்கு முடங்கியவர், முடக்கப்பட்டவர் என்ற இரண்டு பொருளும் உண்டு. எழுதியவர் எதை நினைத்தார் என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை.

இந்தப் பிரிவினையைத் தெளிவாகப் போட்டவர்கள் பிரிட்டனில் யூபியாஸ் என்ற மாற்றுத்திறனாளிகள் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். பால் ஹன்ட், தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளியேற நேர்ந்த விக் ஃபிங்கல்ஸ்டீன் ஆகியோர் அதில் முன்னின்றனர். 1976இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கை, உடலில் இருப்பதை 'இம்பேர்மென்ட்' என்றும், அதன் மேல் சமூகம் சுமத்துவதை 'டிசெபிலிட்டி' என்றும் பிரித்தது. 1983இல் பிரிட்டிஷ் சமூகவியலாளர் மைக் ஆலிவர் இதற்குச் 'சமூக மாதிரி' என்று பெயர் வைத்தார். இவர்கள் எல்லோருமே அதை வாழ்ந்து பார்த்துப் பேசியவர்கள்.

ஆகவே நீங்கள் வட்டமிட்ட இடங்களில் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். உடலின் அல்லது புலனின் நிலையைச் சொல்கிறதா? 'குறைபாடு' என்று எழுதலாம். படி, பூட்டிய கதவு, மறுக்கப்பட்ட வேலை இவற்றின் விளைவைச் சொல்கிறதா? 'முடக்கம்', 'முடக்கப்பட்ட' என்பவை பொருந்தும். ஆட்களை, ஒரு கூட்டத்தை அழைக்கும் பெயராக வருகிறதா? 'மாற்றுத்திறனாளி'. காப்பீட்டுப் பத்திரம், விபத்து இழப்பீடு போன்றவற்றில் வருகிறதா? அங்கே 'நிரந்தர ஊனம்', 'பகுதி ஊனம்' என்பவைதான் மக்கள் அறிந்த சொற்கள். அவற்றை மாற்றினால் கிடைக்க வேண்டிய பணம் கிடைக்காமல் போகலாம்.

யார் எழுதியது என்று பார்ப்பதும் உதவும். பிரிட்டனின் உரிமை அமைப்பு எழுதியிருந்தால் பெரும்பாலும் 'முடக்கப்பட்ட' பொருள்தான். மருத்துவமனை அறிக்கை என்றால் பெரும்பாலும் உடல்நிலை.

'ஹேண்டிகேப்ட்' வந்தால்

நம் ஊரில் இன்னும் நிறையப் பேர் வாயில் இருக்கும் சொல் இது. 'பிஎச் கோட்டா', 'பிஎச் சர்டிபிகேட்' என்று சொல்கிறோமே, அந்த எச் இதுதான்.

இதன் பிறப்பைப் பற்றி ஒரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது. போரில் கைகால் இழந்த வீரர்கள் கையில் தொப்பியை ஏந்திப் பிச்சை எடுக்க ஓர் ஆங்கில மன்னர் அனுமதித்தாராம். அதிலிருந்து வந்த சொல்லாம். பயிற்சி வகுப்புகளில்கூட இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மை அதுவல்ல. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பண்டமாற்று விளையாட்டு ஒன்று இருந்தது. இருவர் பொருள்களை மாற்றிக்கொள்வார்கள். விலை வித்தியாசம் எவ்வளவு என்பதை நடுவர் சொல்வார். பந்தயக் காசு தொப்பிக்குள் இருக்கும், எல்லோரும் அதில் கைவிட்டு எடுத்துச் சம்மதத்தைக் காட்டுவார்கள். தொப்பிக்குள் கை: அதுதான் பெயர். பிறகு அது குதிரைப் பந்தயத்துக்குப் போனது. வேகமான குதிரையின் மேல் கூடுதல் எடையை ஏற்றிப் போட்டியைச் சமமாக்குவது 'ஹேண்டிகேப்' ஆயிற்று. மனிதர்களின் உடல் குறைபாட்டுக்கு அது பரவலாக வழங்கியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

பிறப்பு இழிவானது இல்லை என்றால் ஏன் விட்டுவிட்டார்கள்? மனிதரையே சுமையோடு பிறந்தவராகப் பார்க்கும் சொல்லாக அது ஆகிப்போனதால். உலக சுகாதார நிறுவனம் 1980இல் இம்பேர்மென்ட், டிசெபிலிட்டி, ஹேண்டிகேப் என்று மூன்றையும் அடுக்கி ஒரு வகைப்பாடு செய்தது. 2001இல் வந்த புதிய வகைப்பாட்டில் ஹேண்டிகேப் இல்லை. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின் பெயரில் இருந்த அந்தச் சொல், 1990இல் நீக்கப்பட்டது. இந்தியாவிலும் செகந்திராபாத்தில் உள்ள அறிவுசார் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் பெயரிலிருந்தும், கொல்கத்தாவில் உள்ள எலும்பு மூட்டுக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனத்தின் பெயரிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இன்று எழுதப்படும் எதிலும் 'ஹேண்டிகேப்ட்' என்று தமிழ் எழுத்தில்கூட எழுதாதீர்கள். பழைய சட்டத்தின் பெயர், பழைய நிறுவனத்தின் பெயர், அந்தக் காலத்து ஒருவரின் பேச்சு என்றால் அப்படியே விடுங்கள். கோல்ஃப் விளையாட்டில் வரும் ஹேண்டிகேப் வேறு சங்கதி. பிரெஞ்சு மூலமாக இருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். பிரெஞ்சில் அது இன்றைக்கும் சட்டமும் மக்களும் சாதாரணமாகப் பயன்படுத்தும் சொல்; அங்கே அதைப் பார்த்து எழுதியவரைக் குறை சொல்லக் கூடாது.

மனிதர் முன்னால், சொல் பின்னால்?

ஆங்கிலக் கையேடுகளில் 'முதலில் மனிதரைச் சொல்' என்ற விதியைப் பார்ப்பீர்கள். 'டிசேபிள்ட் பெர்சன்' என்னாமல் 'பெர்சன் வித் டிசெபிலிட்டி' என்பது. 1974இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் அறிவுசார் குறைபாடுடையவர்களே கூடி நடத்திய மாநாட்டைச் சுற்றிப் பிறந்த கோரிக்கை அது. நாங்கள் முதலில் மனிதர்கள் என்றார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையும் இந்தியச் சட்டமும் அந்த வழக்கில்தான் எழுதப்பட்டுள்ளன.

பிரிட்டனில் நேர்மாறு. அங்கே உரிமைக்காகப் போராடியவர்கள் வேண்டுமென்றே 'டிசேபிள்ட் பீப்பிள்' என்கிறார்கள். எங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள் அல்ல அது, எங்களுக்குச் செய்யப்பட்டது என்பது அவர்கள் வாதம். ஆட்டிசம் உள்ளவர்களில் பலரும் 'ஆட்டிஸ்டிக்' என்றே தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள்.

தமிழில் இந்தச் சண்டைக்கு வேலையே இல்லை. நம் மொழியில் அடைமொழி எப்போதும் பெயருக்கு முன்னால்தான் வரும். 'குறைபாடு உள்ள மனிதர்' என்றாலும் 'பார்வையற்ற ஆசிரியர்' என்றாலும் வரிசை ஒன்றே. மனிதரை முன்னால் கொண்டுவர வேண்டும் என்று 'மனிதர்கள், குறைபாட்டுடன் கூடியவர்கள்' என்றெல்லாம் வளைத்து எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். அது தமிழாகவும் இல்லை, மரியாதையாகவும் இல்லை.

நம்மிடம் மரியாதை வேறோர் இடத்தில் இருக்கிறது: விகுதியில். குருடன், செவிடன், நொண்டி, ஊமை. ஒருவரின் குறைபாட்டையே அவருக்குப் பெயராக்கி, மரியாதை விகுதி இல்லாமல் இறக்கிப் பேசும் சொற்கள் இவை. 'பார்வையற்றவர்', 'காது கேளாதவர்', 'வாய் பேசாதவர்' என்னும்போது தகவல் அதேதான். ஆள் மட்டும் நிமிர்ந்து நிற்கிறார். சங்கப் புலவர்களில் ஐயூர் முடவனார் இருக்கிறார், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் இருக்கிறார். ஈராயிரம் ஆண்டுகளாக அந்த 'ஆர்' அவர்களை விட்டுப் போகவில்லை. அந்தப் பெயர்களைத் திருத்த நினைக்காதீர்கள். ஆனால் இன்றைய செய்தியில் பத்து வயதுச் சிறுமியைப் பற்றி எழுதும்போதும் 'வாய் பேசாத சிறுமி' என்று தொடங்காமல் பெயரில், அல்லது அவள் படிக்கும் வகுப்பில் தொடங்குங்கள். குறைபாடு செய்திக்குத் தேவை என்றால் இரண்டாவது வரியில் வரட்டும். தேவையில்லை என்றால் வரவே வேண்டாம்.

'மாற்றுத்திறனாளி' எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

2010இல் அன்றைய முதல்வர் மு. கருணாநிதியின் அரசு 'ஊனமுற்றோர்' என்பதை மாற்றி இந்தச் சொல்லை அரசு வழக்கில் கொண்டுவந்தது. துறையின் பெயரே மாற்றுத்திறனாளிகள் நலத்துறை ஆயிற்று. ஒரு சொல் அரசாணையில் பிறந்து, சில ஆண்டுகளிலேயே பேருந்து நடத்துனர் வாயிலும் பள்ளிக்கூடத்திலும் வேரூன்றுவது அபூர்வம். இது வேரூன்றிவிட்டது.

ஆங்கிலத்தில் இதற்கு நெருக்கமான 'டிஃபரென்ட்லி ஏபிள்ட்' என்பதை உலகின் பல உரிமை அமைப்புகள் விரும்புவதில்லை, ஐ.நா.வின் மொழி வழிகாட்டுதலும் தவிர்க்கச் சொல்கிறது. எல்லோருக்கும்தான் திறன் வேறுபடுகிறது, பிரச்சினையை அந்தச் சொல் பூசி மறைக்கிறது என்பது காரணம். நியாயமான காரணம்தான். அதற்காகத் தமிழ்ச் சொல்லையும் தூக்கிப் போட வேண்டுமா? வேண்டாம் என்பேன். தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் என்று, தெருவில் இறங்கிப் போராடும் சங்கமே தன் பெயரில் வைத்திருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் 'உரிமை' என்பதையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறது. சம்பந்தப்பட்டவர்கள் தங்களுக்கென்று எடுத்துக்கொண்ட சொல்லை வெளியிலிருந்து வரும் நாம் பறிக்கக் கூடாது.

ஆனால் ஒன்று. இது ஆளுக்கு மட்டுமே உரிய சொல், நிலைக்கு உரியது அல்ல. புதிதாக எழுதுபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். 'விபத்தில் அவருக்கு மாற்றுத்திறன் ஏற்பட்டது' என்று எழுதினால் விபத்தால் புதிய ஆற்றல் கிடைத்தது போல ஆகிவிடும். 'பிறவி மாற்றுத்திறன்', '60 சதவீத மாற்றுத்திறன்' எல்லாமே அப்படித்தான் குழம்பும். ஆளைச் சொல்லும்போது மாற்றுத்திறனாளி, நிலையைச் சொல்லும்போது குறைபாடு அல்லது ஊனம். 'விபத்துக்குப் பின் அவர் நடக்க இயலாதவரானார்' என்று நேரடியாகச் சொல்வது இவை இரண்டையும்விட நல்லது. முடிந்த இடத்தில் எல்லாம் அப்படியே சொல்லுங்கள்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது மாற்றுத்திறனாளியைச் சொல்லுக்குச் சொல் மாற்றாதீர்கள். 'டிசேபிள்ட் பெர்சன்' அல்லது 'பெர்சன் வித் டிசெபிலிட்டி' போதும்.

இந்தியில் வரும் 'திவ்யாங்' என்பது 2015 டிசம்பரில் பிரதமர் தம் வானொலி உரையில் முன்வைத்த சொல். தெய்விக அங்கம் என்று பொருள். மைய அரசு நிறுவனங்களின் பெயர்களில் இருக்கிறது. அந்தப் பெயர்களை எழுதும்போது மட்டும் பயன்படுத்துங்கள். தெய்விகம் என்று சொல்லிவிட்டால் சாய்தளம் கட்டும் கடமை குறைந்துவிடும் என்று பல மாற்றுத்திறனாளி அமைப்புகள் அப்போதே எதிர்த்தன. 'ஸ்பெஷல் நீட்ஸ்' என்பதன் தமிழான 'சிறப்புத் தேவை' மீதும் எனக்கு இதே மனத்தாங்கல் உண்டு. கட்டடத்துக்குள் நுழைவதும், வகுப்பில் பாடம் புரிவதும், கழிப்பறைக்குப் போவதும் எல்லோருடைய தேவை. அதில் சிறப்பு என்று எதுவுமில்லை.

இலங்கை வாசகர்களுக்காக எழுதுவதாக இருந்தால் அங்கே 'வலது குறைந்தோர்', 'விசேட தேவையுடையோர்' என்ற வழக்குகள் உண்டு, மாற்றுத்திறனாளியும் புழங்குகிறது. எந்த அமைப்புக்காக எழுதுகிறீர்களோ அவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

சட்ட வாசகத்தில் கை வைக்கும்போது

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் ஒருவரை எப்படி வரையறுத்தது தெரியுமா? ஏதேனும் ஒரு குறைபாட்டால் 40 சதவீதத்துக்குக் குறையாமல் 'அவதிப்படுபவர்' என்று, அதையும் மருத்துவர் சான்றளிக்க வேண்டும் என்று. 2016ஆம் ஆண்டுச் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருப்பது, வேறு மாதிரி பேசுகிறது. நீண்டகால உடல், மன, அறிவுசார் அல்லது புலன் குறைபாடு ஒருபக்கம், தடைகள் மறுபக்கம், இவை இரண்டும் சேரும்போது மற்றவர்களுக்குச் சமமாகச் சமூகத்தில் முழுமையாகப் பங்கேற்பது தடைபடுகிறது, அப்படித் தடைபடுபவர்தான் சட்டம் சொல்லும் ஆள். அண்ணன் பென்சிலால் சொன்னதைச் சட்டமே சொல்கிறது. 2006இல் ஐ.நா. ஏற்று, 2007இல் இந்தியா உறுதிசெய்த உடன்படிக்கையிலிருந்து வந்த பார்வை இது. சட்டம் ஏற்கும் வகைகளும் 7லிருந்து 21 ஆயின. தலசீமியாவும் பார்க்கின்சன் நோயும் அமில வீச்சுக்கு ஆளானோரும் அதற்குள் வந்தார்கள்.

மொழிபெயர்க்கும்போது 'தடைகள்' என்ற அந்தப் பாதியை விட்டுவிடாதீர்கள். வாக்கியம் நீளமாக இருக்கிறது என்று அதை வெட்டிவிட்ட தமிழ் வடிவங்களைப் பார்த்திருக்கிறேன். அதை வெட்டினால் 1995க்கே திரும்பிவிடுகிறோம்.

இரண்டு கலைச்சொற்களில் கவனம் வேண்டும். 'பெஞ்ச்மார்க் டிசெபிலிட்டி' என்றால் 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு என்று சான்று பெற்ற நிலை. அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு இவர்களுக்கு; ஆனால் பாகுபாடு காட்டக் கூடாது என்ற பாதுகாப்பு எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும். இரண்டையும் 'மாற்றுத்திறனாளிகள்' என்றே எழுதினால், 30 சதவீதச் சான்று வைத்திருப்பவர் கிடைக்காத வேலைக்கு விண்ணப்பிப்பார், அல்லது தனக்குரிய பாதுகாப்பே தனக்கில்லை என்று நினைத்துவிடுவார். நீளமானாலும் '40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுடையோர்' என்று விரித்து எழுதுங்கள்.

அடுத்தது 'ரீசனபிள் அக்காமடேஷன்'. இதைத் 'தங்குமிடம்' என்று எழுதிவிடாதீர்கள். ஒருவர் மற்றவர்களைப் போல வேலை செய்யவோ படிக்கவோ தேவையான மாற்றத்தைச் செய்து தருவது அது. மேசையின் உயரத்தைக் கூட்டுவது, தேர்வில் கூடுதல் நேரம் தருவது, சொல்வதை எழுதுபவரை ஏற்பாடு செய்வது. 'நியாயமான வசதி ஏற்பாடு' என்று எழுதலாம்.

பெயர்ச்சொல்லைத் திருத்திவிட்டு வினைச்சொல்லை மறந்துவிடாதீர்கள்

மாற்றுத்திறனாளி என்று மரியாதையாகத் தொடங்கி, அடுத்த வரியிலேயே 'போலியோவால் பாதிக்கப்பட்டு', 'சக்கர நாற்காலியில் முடங்கிய', 'ஊனத்தை வென்ற' என்று எழுதுகிறோம். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான்.

சக்கர நாற்காலி யாரையும் முடக்குவதில்லை. அது இல்லாதபோதுதான் அண்ணன் கட்டிலோடு இருந்தார். வந்த பிறகு வங்கிக்குப் போகிறார். 'சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்' என்று எழுதுங்கள், அல்லது 'சக்கர நாற்காலியில் வருபவர்'. 'பாதிக்கப்பட்ட' என்பதைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றையும் நீக்கிவிட்டு வாக்கியம் நிற்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் நிற்கும். 'ஆட்டிசத்தால் பாதிக்கப்பட்ட சிறுவன்' என்பதைவிட 'ஆட்டிசம் உள்ள சிறுவன்' என்பது சுருக்கமாகவும் இருக்கிறது.

'வென்ற' என்பதற்கு வருகிறேன். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். 1.89 மீட்டர். அதன் பின் டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். அவரைப் பற்றி 'ஊனத்தை வென்றவர்' என்று எழுதினால் அவர் செய்ததைக் குறைத்துச் சொல்கிறோம். அன்று களத்தில் அவரோடு போட்டியிட்டவர்கள் எல்லோருமே கால் குறைபாடு உள்ளவர்கள். அவர் வென்றது அவர்களை. பயிற்சியால், தாண்டும் நுட்பத்தால் வென்றார். 1.89 என்ற எண்ணை எழுதுங்கள், அதுதான் அவர் சம்பாதித்தது.

ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஸ்டெல்லா யங் 2014இல் ஒரு மேடையில் இதைத்தான் பேசினார். படிக்கட்டைப் பார்த்து எவ்வளவு புன்னகைத்தாலும் அது சாய்தளமாக மாறாது என்று அவர் சொன்னதை, தன்னம்பிக்கைக் கட்டுரை எழுதச் சொல்லும் ஆசிரியர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

வகைவாரியாகச் சில குறிப்புகள்

மனநோயும் அறிவுசார் குறைபாடும் வேறு வேறு. 'மனநலம் குன்றியவர்' என்று இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுவது தமிழ்ச் செய்திகளில் இன்றும் நடக்கும் பெரிய பிழை. 'இன்டெலெக்சுவல் டிசெபிலிட்டி' என்றால் 'அறிவுசார் குறைபாடு'. மூலத்தில் 'மென்டல் ரிடார்டேஷன்' என்று இருந்தாலும், இன்றைய ஆளைப் பற்றியது என்றால் இதையே எழுதுங்கள். அமெரிக்கா 2010இல் தன் மைய அரசுச் சட்டங்கள் பலவற்றிலிருந்து அந்தப் பழைய சொல்லை நீக்கியது. சொற்கள் இப்படி வசையாகிப்போவதற்கு 'ஸ்பாஸ்டிக்' இன்னொரு சாட்சி. பிரிட்டனின் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி அதனால்தான் 1994இல் 'ஸ்கோப்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெருமூளை வாதம் என்று எழுதுங்கள்.

ஆங்கிலத்தில் 'டெஃப்' என்பதைச் சிலர் பெரிய எழுத்தில் தொடங்குவார்கள். சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு சமூகம் என்ற பொருள் அது. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. ஆகவே 'சைகை மொழி பேசும் காது கேளாதோர் சமூகம்' என்று விரித்தால்தான் பொருள் வரும். 'செவித்திறன் குறைந்தோர்' என்று அங்கே எழுதினால் அவர்கள் சொல்லவந்ததற்கு எதிராகப் போய்விடும்.

'டிசேபிள்ட் டாய்லெட்' என்பது பிரிட்டிஷ் வழக்கு. 'மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை' என்று பலகை வைக்கலாம். வயதானவர்களும் கைக்குழந்தையோடு வருபவர்களும் பயன்படுத்தும் இடம் என்றால் 'தடையற்ற கழிப்பறை' இன்னும் சரி. எதிர்ச்சொல்லாக 'சாதாரண மனிதர்கள்', 'நார்மல் பிள்ளைகள்' என்று எழுதாதீர்கள். 'மாற்றுத்திறனாளி அல்லாதவர்கள்' என்பதே போதும்.

உவமைகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 'நொண்டிச் சாக்கு', 'செவிடன் காதில் ஊதிய சங்கு', 'குருட்டு நம்பிக்கை' எல்லாம் நம் கை தானாக எழுதுபவை. விழலுக்கு இறைத்த நீர் என்றாலும் வீணானது வீணானதுதானே? 'சாக்குப்போக்கு' இருக்கிறது, 'மூட நம்பிக்கை' இருக்கிறது. தமிழுக்குப் பஞ்சமில்லை. 2024 ஜூலையில் ஒரு திரைப்படம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றமும் திரையில் மாற்றுத்திறனாளிகளைக் காட்டும் விதம் பற்றி வழிகாட்டுதல் தந்தது. இழிவாகிப்போன சில ஆங்கிலச் சொற்களைப் பெயர் சொல்லியே சுட்டிக்காட்டியது. வசன வரிகள் எழுதுபவர்கள் அதைத் தேடிப் படிப்பது நல்லது. ஆனால் கதையில் ஒரு கெட்ட பாத்திரம் 'ஏய் நொண்டி' என்று கத்தினால் அதை மென்மையாக்காதீர்கள். அந்த வசை அங்கே இருக்க வேண்டும். பார்ப்பவருக்கு அது வலிக்கவும் வேண்டும்.

கடைசி வேலை: படிக்கக் கொடுப்பது

வரைவு முடிந்ததும், அது யாரைப் பற்றியதோ அவர்களில் ஒருவரிடம் கொடுங்கள். பார்வையற்றவர் என்றால் பக்கத்தைப் படமாக இணைக்காமல், திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படிக்கும் மென்பொருள்) படிக்கக்கூடிய ஒருங்குறி எழுத்தில் அனுப்புங்கள்; பழைய எழுத்துருவில் அனுப்பினால் அவருக்கு வெறும் குப்பை எழுத்துகள்தான் கேட்கும். 'எல்லாம் சரியா இருக்கா?' என்று பொதுவாகக் கேட்காதீர்கள், மரியாதைக்காக 'நல்லாயிருக்கு' என்று சொல்லிவிடுவார்கள். 'உங்களை இப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா?' என்று வரியைக் காட்டிக் கேளுங்கள். அவர் ஒரு சொல்லைச் சொல்லி, இன்னொருவர் வேறு சொல்லைச் சொன்னால் குழம்ப வேண்டாம். அவரவரைப் பற்றி எழுதும் இடத்தில் அவரவர் சொல்லே இருக்கட்டும்.

அந்தக் கையேட்டு வரி கடைசியில் 'இந்த மக்களை முடக்குவது படிகளும் கதவுகளும் மறுப்புகளும்தான்' என்று அச்சேறியது. 'படிகளும்' என்பதைச் சேர்க்கச் சொன்னவர் அண்ணன். நான் அனுப்பும் வரைவுகளை இன்றும் அவர்தான் முதலில் படிக்கிறார். அந்த நேரத்துக்கு அவருக்கு ஊதியம் உண்டு. நீங்களும் உங்கள் செலவுக் கணக்கில் அதற்கொரு வரி போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.